நகரத் தமிழ்ப்பள்ளிகள்: பாடம் தொடங்கும் முன்பே தொடங்கும் ஆசிரியர் பணி

கோலாலம்பூர் - நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தோட்டத்துப் பள்ளி என்றால் மாணவர் பற்றாக்குறை, நகரத்துப் பள்ளி என்றால் எல்லா வசதியும் உண்டு என்பது பலரின் எண்ணம். ஆனால் தோட்டங்கள் மேம்பாட்டுக்குக் கைமாறியபோது வெளியேறிய குடும்பங்கள் பல, நகரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில்தான் குடியேறின. அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களின் பணி, பாடநூலைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பசியோடு வரும் பிள்ளை

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் 17 மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் யுனிசெப் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அங்கு வாழும் எல்லா இனப் பிள்ளைகளையும் உள்ளடக்கிய ஆய்வு அது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பத்தில் ஒருவருக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நாளில் மூன்று வேளைக்கும் குறைவாகவே உண்டனர்.

காலை எட்டு மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் மாணவனைச் சோம்பேறி என்று முடிவுகட்டாமல், "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேட்பவரே அனுபவமுள்ள ஆசிரியர். ஆர்.எம்.தி. எனப்படும் கூடுதல் உணவுத் திட்டத்தில் வசதி குறைந்த மாணவர்களுக்குப் பள்ளியிலேயே உணவு கிடைக்கிறது. ஆனால் கூச்சத்தாலோ அறியாமையாலோ பாரம் நிரப்பாத பெற்றோரும் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் வகுப்பாசிரியரின் வேலையாகிறது.

முதலாம் ஆண்டின் சுமை

ஒரே வகுப்பில், பாலர் பள்ளிக்குச் சென்று சரளமாக வாசிக்கும் பிள்ளையும் பென்சில் பிடிக்கவே பழகாத பிள்ளையும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். தமிழின் 247 எழுத்துகளுடன் மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளையும் அவர்கள் சேர்த்தே கற்க வேண்டும். சி, ஏ, தி என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியில் அது 'சாட்', அதாவது சாயம். ஆங்கிலத்தில் 'கேட்', அதாவது பூனை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளை இங்கேயே குழம்பிவிடும்.

பின்தங்கிய மாணவர்களைச் சிறு குழுவாகப் பிரித்து, எழுத்தையும் எண்ணையும் அடிப்படையிலிருந்து கற்பிப்பவர் குறைநீக்கல் ஆசிரியர். இந்த வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பச் சொன்னால் அவமானமாகக் கருதும் பெற்றோர் இன்னும் உள்ளனர். அவர்களின் மனத்தை மாற்றுவதும் ஆசிரியரின் பொறுப்பாகிவிடுகிறது.

வராத மாணவன்

தொடக்கக்கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் போகும். காரணமோ பள்ளி வேன் கட்டணப் பாக்கியாக இருக்கலாம். இரவு வேலை முடிந்து வந்த தாய் கண்ணயர்ந்துவிட்டதாக இருக்கலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல் போனதாகவும் இருக்கலாம். கடிதத்தால் தீராதது சில வேளைகளில் ஒரு தொலைபேசி அழைப்பால் தீர்கிறது.

கோவிட்-19 காலத்தில் இந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது. 2020இல் கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் இணையவழிக் கற்றலுக்கான கருவி எதுவுமே இல்லை எனத் தெரியவந்தது.

பலன் எதில் தெரிகிறது?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின், எத்தனை 'ஏ' என்று பள்ளிகளை எடைபோட வழியில்லை. இப்போது வகுப்புசார் மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் உள்ளன. ஒரு மாணவி முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்ந்தால் பத்திரிகையில் படம் வராது. ஆனால் பள்ளி அனுப்பிய கடிதத்தை அவளே பாட்டிக்கு வாசித்துக் காட்டினால், அந்த ஆண்டின் உழைப்பு வீண்போகவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியும். பழைய மாணவர் தம் பிள்ளையை அதே பள்ளியில் பதிய அழைத்து வரும் நாளும் அத்தகையதே.

அடித்தளம் சரியாக அமையாவிட்டால் விலை கொடுப்பது பிள்ளைதான். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாத தமிழ்ப்பள்ளி மாணவர், முதலாம் படிவத்திற்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு செலவிட நேரிடும்.

பெற்றோர் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. உதவிப் பாரங்களைத் தவணைக்குள் ஒப்படைக்கலாம். வேலையோ வீடோ மாறினால் வகுப்பாசிரியரிடம் சொல்லலாம். குறைநீக்கல் வகுப்பைத் தண்டனையாக எண்ணாமல் பிள்ளையை அனுப்பலாம். நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்கலாம்; கேட்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.