முகநூற் பக்கமும் அதன் முகப்பும்

பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னை விவசாயிகளும், கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பட்டு நெசவாளர்களும் இப்போது முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் தத்தம் பெயரால் பக்கம் திறந்து சரக்கைக் காட்டி வருகின்றனர். சங்கங்களும் திறந்துள்ளன. தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் கணக்குப் புத்தகங்களோடு இப்பக்கங்களையும் நாம் பார்ப்பதுண்டு. கணக்கு ஒழுங்காயுள்ள சங்கத்திலும் பக்கம் ஒழுங்காயிருப்பதில்லை. ஆகவே, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் முறை பற்றிச் சிறிது விளக்குவது அங்கத்தினர்களுக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

தோற்றத்தை மாற்ற நமக்குள்ள உரிமை எவ்வளவு என்பதை முதலில் அறிதல் வேண்டும். 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய மைஸ்பேஸ் என்னும் தளத்தில் அவ்வுரிமை அக்காலத்தில் மிகப் பெரிதாயிருந்தது. பின்னணிப் படம், எழுத்தின் நிறம், பக்கம் திறந்தவுடன் ஒலிக்கும் பாட்டு ஆகியவற்றைப் பக்கத்துக்குரியவரே குறிமொழி எழுதி மாற்றிக்கொள்ள முடிந்தது. பல பக்கங்கள் திருவிழாக் கடைபோல் மின்னின, படிக்கத்தான் முடியவில்லை. அதைவிடப் பெரிய கேடு 2005 அக்டோபரில் நேர்ந்தது. சாமி காம்கார் என்னும் 19 வயது இளைஞர் தம் பக்கத்தில் எழுதிவைத்த குறிமொழி, அதைப் பார்த்தவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் தானே ஏறிக்கொண்டது. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் அது பரவி, தளத்தையே சிறிது நேரம் மூடும்படி ஆயிற்று.

2004இல் தோன்றிய முகநூல் வேறு வழியைப் பற்றியது. எல்லோருக்கும் ஒரே அமைப்பு. ஒரே நீல நிறம். (அதன் நிறுவனர் ஸக்கர்பெர்க்குக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறை உண்டு. நீலமே தமக்கு நன்கு தெரியும் என அவரே கூறியுள்ளார். நம் சாயப்பட்டறைகளில் அவருக்கு வேலை கிடைத்திராது!) எனவே தறியின் அகலத்தை அவர்கள் நிறுவிவிட்டனர், கரையும் முந்தானையும் மட்டுமே நம் கையில் உள்ளன. வட்டப் படம், அதன் பின்னுள்ள அகலப் படம், பெயர், அறிமுக வாசகம் ஆகியவையே அவை.

வட்டப் படத்தில் நாம் பெரும்பாலும் காண்பது சங்கத்தின் பெயர்ப் பலகை. நீண்ட பலகையை வட்டத்துள் அடக்கும்போது முதலெழுத்துகளும் கடை எழுத்துகளும் வெட்டுண்டு போகின்றன. கைபேசியில் அவ்வட்டம் ஒரு பொத்தான் அளவே தெரியும். ஆதலால் எழுத்தை விடுத்து, ஒரு சின்னத்தையோ ஒற்றைத் தேங்காயையோ நடுவில் வைப்பது நன்று. அகலப் படமும் கணினியிலும் கைபேசியிலும் ஒரே அளவில் தெரிவதன்று, ஓரங்கள் மறைவதுண்டு. விலாசத்தை ஓரத்தில் எழுதலாகாது.

அறிமுக வாசகத்துக்கு இன்ஸ்டாகிராம் 150 குறியீடுகளே தருகிறது. இங்கே தமிழுக்கு ஒரு சங்கடம். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் கணினி தனித்தனியே எண்ணுகிறது. 'பட்டுக்கோட்டை' நமக்கு 7 எழுத்து; அதற்கு 13. 'மிகச் சிறந்த', 'உலகத் தரம் வாய்ந்த' போன்ற அடைமொழிகளுக்கு அங்கே இடமில்லை. ஊர், சரக்கு, தொலைபேசி எண், சங்கம் திறந்திருக்கும் நேரம் ஆகியவை முதலில் வரவேண்டும்.

படத் தேர்வில்தான் வரவு செலவே அடங்கியுள்ளது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலில் சாய்ந்த தோப்பின் படத்தை இன்றும் முகப்பில் வைத்திருக்கும் பக்கங்களைக் கண்டோம். அன்று உதவி நாடி வைத்த படம் அது. அத்துயரத்தை மறக்கும்படி யாரையும் நாம் சொல்லோம். ஆயினும் காய் தேடிப் பார்க்கும் வெளியூர் வியாபாரி, இங்கே மரமே இல்லை போலும் என எண்ணி வேறிடம் சென்றுவிடுவார். அப்படம் பக்கத்தின் உள்ளே இருக்கட்டும். புயலுக்குப்பின் நட்ட கன்று காய்த்துநிற்கும் படம் முகப்புக்கு வரட்டும்.

நெசவாளர்க்கு வேறொரு தொல்லை. குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் அரக்கு நிறம் பழுப்பாகத் தெரியும். சேலையைப் பெற்றவர் நிறம் மாறிவிட்டதென்று திருப்பியனுப்புவார். காலை வெளிச்சத்தில், நிழலில் விரித்து எடுத்தல் வேண்டும். படத்துக்கு மெருகூட்டும் வசதிகளை நெசவாளர் தொடவே கூடாதென்பது எம் கருத்து. 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரையை அழகுக்காக முகப்பில் ஒட்டுவதும் தவறு. பதிவு செய்தவரே அதைப் பயன்படுத்தலாம். திருபுவனம் பட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். பிற ஊர்ச் சேலைக்கு அப்பெயரைச் சூட்டுதல் சட்டத்துக்கு மாறானது.

இனி, பக்கம் யாருடையது என்பது. பெயர் கூற வேண்டாத ஒரு சங்கத்தில் செயலாளர் தம் சொந்தப் பெயரிலேயே பக்கம் தொடங்கினார். அவர் விலகியபோது பக்கமும், அதைப் பின்தொடர்ந்த வாடிக்கைக்காரர்களும் அவரோடு சென்றனர். முகநூற் பக்கத்தின் முழு அதிகாரத்தைப் பலருக்கு அளிக்க இயலும். இருவருக்கேனும் அளித்து, அதைத் தீர்மானமாக நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும்.

தளத்துக்காரர் நினைத்தால் கடையையே கட்டிவிடலாம். நம் நாட்டில் பலரும் புழங்கிய ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. மைஸ்பேஸில் 2016க்கு முன் ஏற்றிய படங்களும் பாட்டுகளும் தளத்தை இடம் மாற்றுகையில் அழிந்தன என்பது 2019இல் தெரியவந்தது. எனவே படங்களின் மூலப் பிரதிகளைச் சங்கக் கணினியிலும் வேறொரு வட்டிலும் சேமித்து, அவற்றின் பட்டியலைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றிவைக்கவும். அடுத்த தணிக்கையில் அதையும் கேட்போம்.