எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருக்கும் தோல் தொழில் வட்டாரம் பெண்களின் உழைப்பால் நிற்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காலையில் வேனிலும் பேருந்திலும் வரும் அவர்கள், பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்புகிறார்கள். பள்ளியின் இறுதி மணி அதற்கு முன்பே அடித்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு வீட்டில் துணை இல்லை, தெருமுனையில் இருக்கிறது. இருசக்கர வாகனமும் கைப்பேசியும் வைத்திருக்கும், ஐந்தாறு வயது மூத்த ‘அண்ணன்கள்’ அங்கே நிற்கிறார்கள்.

அவர்களில் தவறான வழியில் செல்வோர் சிறுவனுக்கு முதலில் தருவது மதிப்பு. பெயர் சொல்லி அழைக்கிறார்கள், வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். பிறகு சோதனை தொடங்குகிறது. கடையில் ஒரு பொருளை எடுத்து வா, அந்தப் பையனை அடித்துவிட்டு வா, இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வா. கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் சிறுவன் துணிகிறான். பிடிபட்டதும் ‘ஏன் செய்தாய்?’ என்று அவனிடம் கேட்கிறோம். ‘யார் பார்ப்பதற்காகச் செய்தாய்?’ என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

இதற்கு அறிவியல் சான்று உண்டு. 2005இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் 306 பேரைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைச் சிலர் தனியாகவும் சிலர் நண்பர்கள் முன்னிலையிலும் ஆடினர். 13 முதல் 16 வயது வரையிலானவர்கள், நண்பர்கள் பார்க்கும்போது ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தான முடிவுகளை எடுத்தனர். 24 வயதைக் கடந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் இல்லை. அதாவது, தனியே இருக்கும்போது நிதானமாக நடக்கும் அதே சிறுவன், பார்வையாளர்கள் முன்னிலையில் வேறொருவனாகிறான்.

நல்ல குடும்பத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. ராஜ்கோட்டில் மாணவராக இருந்த காந்தி, அண்ணனின் நண்பராக அறிமுகமான ஒருவரின் உடல் வலிமையிலும் துணிச்சலிலும் மயங்கி, பெற்றோருக்குத் தெரியாமல் இறைச்சி உண்டார். பதினைந்தாவது வயதில், அண்ணனின் சுமார் 25 ரூபாய்க் கடனை அடைக்க, அந்த அண்ணனின் காப்பிலிருந்தே சிறிது தங்கத்தைத் திருடினார். பின்னர் குற்றத்தை எழுதித் தந்தையிடம் கொடுத்தார். தந்தை அடிக்கவில்லை, கண்ணீர் விட்டார். திரும்பி வருவதற்கு ஒரு வாசல் திறந்திருந்ததால்தான் அந்தச் சிறுவனால் மீள முடிந்தது.

நம் சட்டமும் அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, சிறுவனைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்கிறது. அவன் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. அதே சமயம், ஏவியவர்களை அது விட்டுவைக்கவில்லை. சட்டவிரோதச் செயல்களுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 83ஆவது பிரிவு வழிசெய்கிறது. போதைப்பொருளைக் கடத்தவோ விற்கவோ குழந்தைகளை ஈடுபடுத்துவது 78ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. குற்றம் செய்யக் குழந்தையை ஈடுபடுத்துபவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. குற்றம் நடந்துவிட்டால், அதைத் தானே செய்ததுபோல் அதற்குரிய தண்டனையும் சேரும்.

‘சின்னப் பையன்தானே, சட்டம் ஒன்றும் செய்யாது’ என்பதுதான் ஏவுபவர்களின் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்கும் பிரிவுகள் இருந்தும், விசாரணை சிறுவனோடு முடிந்துவிட்டால் அவற்றால் பயனில்லை. கடுமையான வழக்குகளில் சிக்கிய சிறுவர்களுக்காக வேலூர் காகிதப்பட்டறையில் அரசினர் பாதுகாப்பு இல்லம் இருக்கிறது. அங்கே போகும் சிறுவனை அனுப்பிவைத்தவன் வெளியே அடுத்த சிறுவனைத் தேடிக்கொண்டிருந்தால், நீதி பாதிதான் நடந்திருக்கிறது. எனவே, சிறுவர் சிக்கும் ஒவ்வொரு வழக்கிலும், பின்னால் பெரியவர் எவரேனும் உண்டா என்பதைக் காவல் துறை விசாரித்துப் பதிவுசெய்வது வழக்கமாக வேண்டும்.

பள்ளிகளுக்கும் பொறுப்பு உண்டு. முதல் தவறிலேயே மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினால், அவனை ஏற்றுக்கொள்ள அந்தத் தெருமுனைக் கூட்டம் மட்டுமே மிஞ்சும். தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையின் மாலைப்பொழுதைப் பற்றி அது பேசுவதில்லை. கரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021இல் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலை நேரத்தில் தெருவிலேயே பிள்ளைகளை ஒன்றுசேர்க்க முடியும் என்று காட்டியது. தோல் தொழில் ஊர்களில் தாய் வீடு திரும்பும் வரை திறந்திருக்கும் விளையாட்டுத் திடலும் படிப்பகமும், அவற்றில் ஒரு நல்ல பயிற்சியாளரும் இருந்தால், சிறுவன் தேடும் பாராட்டு அங்கேயே கிடைத்துவிடும். அதை உள்ளாட்சியும் தொழிற்சாலை நிர்வாகங்களும் சேர்ந்தே செய்ய இயலும்.