உயிருள்ள பொருட்காட்சிசாலை

பொருட்காட்சிசாலை என்றவுடன், கண்ணாடிப் பெட்டிகளும் அவற்றுள் அசைவற்றுக் கிடக்கும் பழம்பொருள்களுமே நம் மனக்கண்முன் தோன்றும். பழமையைத் தொழிலாகவே நடத்திக் காட்டும் சாலைகளும் உலகில் உள. அவற்றுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மொன்டானா மாகாணத்தில், டீர் லாட்ஜ் என்னும் ஊரையடுத்துள்ள கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப் பண்ணையாகும். அதன் வரலாற்றை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

ஜானி கிராண்ட் என்னும் வணிகர், மேற்றிசை நோக்கி வண்டிகளிற் குடிபெயர்ந்து செல்வோரிடம், வழிநடையால் மெலிந்த மாடுகள் இரண்டைப் பெற்றுக் கொழுத்த மாடு ஒன்றைக் கொடுப்பார். மெலிந்தவை நல்ல புல் மேய்ந்து தேறியபின், அவற்றையே பின்வருவோர்க்கு மாற்றுவார். இங்ஙனம் மந்தை பெருகிற்று. 1862இல் அவர் கட்டிய வீடு இன்றும் நிலைத்துள்ளது. 1866இல் பண்ணையை விலைக்கு வாங்கிய கான்ராட் கோர்ஸ், பொன் தேடுவோர்க்கு இறைச்சி விற்றுப் பொருளீட்டியவர். நாளடைவில் அவருடைய மந்தைகள் ஏறக்குறைய 1 கோடி ஏக்கர் பரப்பில் மேய்ந்தன. அப்பரப்பிற் பெரும்பகுதி அவருக்குச் சொந்தமன்று, வேலியில்லாத பொதுநிலம். முன்னர் அது காட்டெருமைகளுக்கும் அவற்றை நம்பி வாழ்ந்த பழங்குடியினருக்கும் உரியதாயிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

புல்லுக்கு முடிவில்லை என்றெண்ணிப் பலரும் மாடுகளைப் பெருக்கினர். தீவனம் சேமித்து வைத்தார் மிகச் சிலரே. 1886ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்துப் புல் கருகிற்று. அதனைத் தொடர்ந்த குளிர்காலத்தில் எஞ்சிய புல்லையும் உறைபனி மூடவே, அப்பிரதேசத்தில் லட்சக்கணக்கான மாடுகள் பட்டினியாலும் குளிராலும் மாண்டன. கோர்ஸ் 1 லட்சம் டாலர் கடன்பெற்றே தொழிலை மீண்டும் நிலைநிறுத்தினார். அதன்பின்னரே நிலத்துக்கு வேலியிட்டு, கோடையிற் புல்லறுத்து உலர்த்திப் போரிட்டு வைக்கும் வழக்கம் எங்கும் பரவலாயிற்று.

கோர்ஸின் பேரர் கான்ராட் வாரன் பேணிவந்த அப்பண்ணை, 1972இல் தேசிய வரலாற்றிடமாக ஏற்கப்பட்டது. அதன் இன்றைய பரப்பு சுமார் 1,600 ஏக்கர். அங்குச் செல்வோர், மாடுகள் மேய்வதையும், கொல்லர் உலைக்களத்தில் இரும்படிப்பதையும், மந்தையோட்டிகளுக்குச் சோறாக்கும் வண்டியையும் காணலாம். சாய்வான உயர்ந்த மரச்சட்டத்தின்மேல் உலர்ந்த புல்லைக் குதிரைகள் வடத்தால் இழுத்தேற்ற, அது உச்சியினின்று வீழ்ந்து பெரும்போராகக் குவியும். 'பீவர்ஸ்லைடு' எனப்படும் இப்பொறி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொன்டானாவிலேயே தோன்றியது.

செழிப்பான ஏழாண்டுகளில் தானியஞ் சேர்த்துப் பஞ்சமான ஏழாண்டுகளைக் கடத்திய யோசேப்பின் சரிதையை நாம் வேதத்திற் கற்றிருக்கின்றோம். மொன்டானாவின் பண்ணையாளரோ அப்பாடத்தை ஒரே குளிர்காலத்தில், மந்தைகளை விலையாகக் கொடுத்துக் கற்றனர். அப்புற்போரைக் கண்டு திரும்பும் மாணவர், பண்டை வாழ்க்கையின் புறக்கோலத்தை மட்டுமன்றி, அதன் தவற்றையும் அத்தவற்றினின்று பிறந்த அறிவையும் ஒருங்கே உணர்வர். இத்தகைய சாலைகளால் விளையும் பெரும்பயன் இதுவேயாம்.