பட்டாசு ஆலை வெடிப்பு: ஆஸ்பத்திரி குறியீட்டில் 'விபத்து' என்றால் யார் மேலும் தப்பில்லை என்று அர்த்தமா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதியில் எந்தப் பட்டாசு ஆலையில் வெடித்தாலும், காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் உறவினர்களிடம் அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எப்படி ஆச்சு?" அந்தப் பதில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறுகிறது. மக்கள் 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பிறகு அதுவே ஒரு குறியீடாகவும் மாறுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடுதான் ஐ.சி.டி. இதன் 10-வது பதிப்பு 1990-ல் ஏற்கப்பட்டது. அதன்படி ஒரு தீக்காயத்துக்கு இரண்டு குறியீடுகள் வேண்டும். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்பதற்கு ஒன்று (டி31 வரிசை). காயம் எதனால் வந்தது என்பதற்கு இன்னொன்று. சிக்கல் இந்த இரண்டாவதில்தான்.

ஒரே காயம், நாலு பெட்டி

வெடிபொருளால் வந்த காயத்தையே எடுத்துக்கொள்வோம். தற்செயலாக வெடித்திருந்தால் டபிள்யூ40. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டிருந்தால் எக்ஸ்75. அடுத்தவர் நாட்டு வெடிகுண்டு வீசியிருந்தால் எக்ஸ்96. எது என்று மருத்துவராலோ சட்டத் தரப்பாலோ முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஒய்25. புண் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். மாறுவது நோக்கம் மட்டுமே.

தீபாவளிக்குச் சரம் வெடித்துக் கையில் பட்டால் அதற்குத் தனி எண் உண்டு, டபிள்யூ39. ஆலைக்குள் நடக்கும் வெடிப்பை டபிள்யூ40-ல்தான் வகைப்பாடு வைக்கிறது. ஆக, புள்ளிவிவரத்தில் 'பட்டாசு' என்ற வரியை மட்டும் தேடினால், பட்டாசு வெடித்தவர்கள் கிடைப்பார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் வேறு வரியில் இருப்பார்கள்!

உரிமையாளர் தப்பிக்க முடியுமா?

அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்தார்கள், ஒரே அறையில் கூடுதல் ஆட்களை உட்கார வைத்தார்கள், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டார்கள். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் இந்தப் பகுதியில் எழும் குற்றச்சாட்டுகள் இவை. அப்படியிருந்தும் காகிதத்தில் 'விபத்து' என்று இருந்தால் குடும்பத்துக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

இங்கேதான் வார்த்தையைக் கவனிக்க வேண்டும். இந்தக் குறியீட்டில் 'விபத்து' என்றால், காயப்படுத்தும் நோக்கத்தோடு யாரும் செய்யவில்லை என்று மட்டும்தான் பொருள். அலட்சியம் இருந்ததா என்று அது கேட்பதே இல்லை. அதை விசாரிப்பது போலீசும் நீதிமன்றமும். அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்றால் 105. குறியீட்டில் விபத்து என்று இருப்பது இந்த வழக்குகளைத் தடுக்காது.

இழப்பீட்டுக்கு வேறு கேள்வி. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நடந்ததா என்று பார்த்தது. அதனால் எங்கே நடந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற விவரங்கள் முக்கியம். ஐ.சி.டி-யிலும் இவற்றுக்கு இடம் உண்டு: தொழிற்சாலை என்றால் 6, வீடு என்றால் 0, கூலிக்கு வேலை பார்த்தபோது என்றால் 2. வீட்டில் வைத்துக் கருந்திரி திரிக்கும்போது வெடித்தால் இடம் 0 ஆகிவிடும். வேலை என்பதை எழுதாமல் விட்டால், ஏதோ அடுப்படி விபத்து மாதிரி அது கணக்கில் போய்விடும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். இடம் ஒன்று, வெடிப்பு ஒன்று. ஆனால் 'என்ன செய்துகொண்டிருந்தார்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் எழுத முடியாது.

"ஸ்டவ் வெடிச்சிருச்சு"

நோக்கம் என்ற கட்டம் உண்மையிலேயே கனமாவது வீட்டுத் தீக்காயங்களில். தீயால் தன்னையே காயப்படுத்தியது எக்ஸ்76, அடுத்தவர் தாக்கியது எக்ஸ்97, தெரியவில்லை என்றால் ஒய்26. கூட வந்தவர் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று சொன்னால், அதுவே முதலில் ஏறும். கூட வந்தவரே காரணமாக இருந்தால்? அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் மாஜிஸ்திரேட் நேரில் வந்து வாக்குமூலம் வாங்குகிறார். கல்யாணமாகி 7 வருடத்துக்குள் பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை நடப்பதும் அதற்காகத்தான்.

தற்கொலை முயற்சியையும் போலீசுக்குப் பயந்து 'தவறி நடந்தது' என்று மாற்றிச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. பழைய 309-வது பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. உண்மையைச் சொன்னால்தான் காயத்தோடு சேர்த்து மனதுக்கும் சிகிச்சை கிடைக்கும்.

குடும்பம் என்ன செய்யலாம்?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே எந்த ஆலை, எந்த அறை, மருந்து கலக்கும்போதா, மணி மருந்து காயவைக்கும்போதா என்று சொல்லிவிடுங்கள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். ஏ.ஆர். காப்பியின் நகலை வாங்கி வையுங்கள். இறப்பு நேர்ந்தால் ஆஸ்பத்திரி தரும் காரணச் சான்றில் விபத்து, தற்கொலை, கொலை ஆகியவற்றோடு 'விசாரணை நிலுவையில்' என்ற கட்டமும் உண்டு. காரணம் தெளிவாகாதபோது மருத்துவர் அதைக் குறிக்கலாம்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 அல்லது 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.)