வலென்சியாவில் அயல்நாட்டு மாணாக்கர்

கல்வியின்பொருட்டுப் பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு செல்லுதல் மிகப் பழைய வழக்கமாகும். இடைக்கால ஐரோப்பாவில் இளைஞர் பலர் பாரிஸ், பொலோஞா முதலிய நகரங்களுக்கு நெடுந்தொலைவு கடந்து சென்று கற்றனர். அங்ஙனம் சென்றோருள் பலர் ஆண்டுகள் பலவற்றை அயல் மண்ணிலேயே கழித்தனர். சிலர் திரும்பி வரவேயில்லை. இக்காலத்திலோ, தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணாக்கராக இருந்துகொண்டே, ஓர் அரையாண்டோ ஓராண்டோ வேற்று நாட்டில் பயின்று மீளும் முறை ஏற்பட்டுள்ளது. இவ்வாறு பயில்வோரைப் பரிமாற்ற மாணாக்கர் என்பர்.

ஐரோப்பாவில் இம்முறைக்கு வித்திட்டவருள் ஒருவர் சோபியா கொராதி என்னும் இத்தாலிய அம்மையார். அவர் அமெரிக்க நாட்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, 1958ஆம் ஆண்டில் தம் நாட்டுக்குத் திரும்பினார். ஆனால், அயல்நாட்டில் அவர் கற்ற கல்வி அங்கே கணக்கிற் கொள்ளப்படவில்லை. தமக்கு நேர்ந்த இவ்விடர் பின்வரும் மாணாக்கர்க்கு நேரலாகாது என்று எண்ணிய அம்மையார், அதன்பொருட்டுப் பல்லாண்டுகள் உழைத்தார். அவர் போன்றோர் முயற்சியின் பயனாக 1987ஆம் ஆண்டில் எராஸ்மஸ் திட்டம் தோன்றியது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணாக்கர் அதன்வழிப் பயின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் பல நாடுகளிலும் வாழ்ந்து கற்றும் கற்பித்தும் புகழ்பெற்ற எராஸ்மஸ் என்னும் பேரறிஞரின் பெயரை இத்திட்டம் தாங்கியுள்ளது.

இத்திட்டத்தின் அமைப்பு எளியது. மாணாக்கர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. தம் நாட்டில் செலுத்த வேண்டியதைச் செலுத்தினால் போதும். எந்தெந்தப் பாடங்களைக் கற்பது என்பதை மாணாக்கரும் இரண்டு பல்கலைக்கழகங்களும் முன்னரே கூடி எழுதி ஒப்பமிடுகின்றனர். ஓராண்டுப் படிப்பு 60 அலகுகளாகவும், அரையாண்டுப் படிப்பு 30 அலகுகளாகவும் கணக்கிடப்படும். அயல்நாட்டில் தேர்ச்சி பெற்ற அலகுகள் தாய்நாட்டுப் படிப்போடு சேர்க்கப்படும். அன்று கொராதி அம்மையார்க்குக் கிட்டாதது இன்று மாணாக்கர் அனைவர்க்கும் உரிமையாயிற்று.

இவ்வாறு மாணாக்கரை மிகுதியாக வரவேற்கும் நாடுகளுள் ஸ்பெயின் ஒன்று. அந்நாட்டின் கிழக்குக் கரையில் மத்தியதரைக் கடலை ஒட்டி அமைந்துள்ளது வலென்சியா. கி.மு. 138ஆம் ஆண்டில் ரோமானியரால் தோற்றுவிக்கப்பட்ட இந்நகரம், இன்று அந்நாட்டின் மூன்றாவது பெருநகரமாகத் திகழ்கின்றது. 1499ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றும் இங்கு உண்டு. அதன் பிரிவுகளுள் ஒன்று கடலுக்கு அண்மையில் அமைந்துள்ளது. அப்பகுதிக்கு நாரஞ்ச மரங்கள் என்னும் பொருளுடைய தாரோஞ்சர்ஸ் என்பது பெயர்.

இந்நகருக்கு வரும் மாணாக்கர் முதலில் தேடுவது தங்குமிடம். பெரும்பாலோர் மாணவர் விடுதிகளில் தங்குவதில்லை. மூவர் நால்வர் சேர்ந்து அடுக்குமாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கோர் அறையாகப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் போலந்து நாட்டவராயிருப்பர், மற்றொருவர் இத்தாலியராயிருப்பர், பிறிதொருவர் ஸ்பெயின் நாட்டின் வேறொரு மூலையிலிருந்து வந்திருப்பர். சமையலறை ஒன்றே, குளியலறையும் ஒன்றே. யார் எந்நாளில் கூட்டுவது, மின்கட்டணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பனவற்றை அவர்களே கூடி முடிவு செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் வகுப்புத் தொடங்கு முன்பே, விட்டுக்கொடுத்து வாழும் பாடம் வீட்டிற் றொடங்கிவிடுகின்றது.

அடுத்து அவர்களை மருட்டுவது அந்நாட்டு மக்களின் நாட்பொழுது. ஸ்பெயின் மக்கள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னரே நண்பகலுணவு உண்கின்றனர். இரவுணவு ஒன்பது மணிக்கு முன் அமைவது அரிது. சிறு கடைகள் பல பிற்பகலில் அடைக்கப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படும். இவ்வழக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. கோடையின் கடுவெயில் ஒன்று, கடிகாரம் மற்றொன்று. 1940ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னதாகத் திருப்பி வைக்கப்பட்டன. அம்முறையே இன்றும் நிலவுவதால், கதிரவன் உச்சிக்கு வரும் நேரம் அங்குப் பன்னிரண்டு மணிக்கு வெகுவாகப் பிந்துகின்றது. பகல் பன்னிரண்டு மணிக்கே பசியெடுக்கும் வடநாட்டு மாணாக்கர் முதலில் இதனை எண்ணி நகைப்பர். சில திங்களில் தாமும் அவ்வழக்கத்துக்கு உட்படுவர்.

உணவிலும் கற்கத்தக்கன உள. வலென்சியாவின் சிறப்புணவு பயேயா என்னும் அரிசி உணவாகும். அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில், கோழி இறைச்சியும் முயல் இறைச்சியும் அவரை வகைகளும் அரிசியும் சேர்த்து, குங்குமப்பூ இட்டு அதனைச் சமைப்பர். ஞாயிறுதோறும் நண்பகலில் குடும்பத்தார் சட்டியைச் சூழ்ந்து அமர்ந்து உண்பர். நகருக்குத் தெற்கேயுள்ள அல்புபேரா ஏரியைச் சுற்றிப் பரந்துள்ள நெல்வயல்களே இவ்வரிசிக்குத் தாயகம். நெற்பயிரையும் பாசனக் கால்வாய்களையும் அப்பகுதியில் தழைக்கச் செய்தவர் அராபியர்.

அக்கால்வாய்களின் பெருமையைக் காண விரும்பும் மாணாக்கர், வியாழக்கிழமை நண்பகலில் பேராலயத்தின் வாயிலுக்குச் செல்லுதல் வேண்டும். பன்னிரண்டு மணி அடித்ததும் கருநிற மேலாடை அணிந்த உழவர்கள் அங்கு வட்டமாக அமர்வர். இதுவே புகழ்பெற்ற நீர் நீதிமன்றம். கால்வாய்ப் பாசனத்தார் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் இதன் நடுவர்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தவர், கால்வாயைத் தூர்த்தவர் ஆகியோர் மீது வரும் வழக்குகளை இவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, அங்கேயே தீர்ப்பளிக்கின்றனர். வழக்கறிஞர் வாதம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. பல நூற்றாண்டுகளாக நிலவிவரும் இம்மன்றத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சட்டம் பயிலும் மாணாக்கர்க்கு இதனினும் சிறந்த வகுப்பு வேறு உண்டோ?

அம்மன்றத்தில் பேசப்படும் மொழி வலென்சிய மொழி. ஸ்பானிய மொழியும் வலென்சிய மொழியும் அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளாகும். ஆகவே, ஸ்பானிய மொழியை மட்டும் கற்றுக்கொண்டு வந்த மாணாக்கர், சில வகுப்புகளில் ஆசிரியர் வலென்சிய மொழியில் விரிவுரையாற்றக் கேட்டுத் திகைப்பர். நாட்டின் பெயர் ஒன்றாயினும் நாவில் வழங்கும் மொழி பலவாதல் கூடும் என்பதை அவர்கள் அன்று உணர்கின்றனர்.

இவ்விடத்தில்தான் ஓர் இடையூறு காத்திருக்கின்றது. மொழி அறியாத அச்சத்தாலும் தனிமையின் துன்பத்தாலும் மாணாக்கர் சிலர் தம் நாட்டாரோடு மட்டுமே பழகுவர். அவர்களோடு உண்பர்; அவர்களோடு கடற்கரைக்குச் செல்வர்; கடையிலும் ஆங்கிலத்திலேயே பேசிக் காலந்தள்ளுவர். கடலும் வெயிலும் கண்டு மீளும் இவர்கள் அலகுகளைப் பெறுவர். ஆனால் அந்நகரைப் பெறார். வேறு சிலரோ பிழைபடப் பேசவும் நாணாது, காய்கறி விற்பவரோடும் அண்டை வீட்டாரோடும் உரையாடுவர். மார்ச்சுத் திங்களில் பாயஸ் விழா வரும்பொழுது, தெருவார் கூடி அமைக்கும் பேருருவப் பாவைகளைக் காண்பதோடு நில்லாது, அவர்தம் கூட்டத்திலும் கலந்துகொள்வர். மார்ச்சு 19ஆம் நாள் இரவில் அப்பாவைகள் தீக்கிரையாகும்பொழுது, தெருவாரின் கண்ணீரும் களிப்பும் இவர்களுக்கும் உரியனவாகும்.

விழாவிற் கலத்தல் எளிது. துன்பத்திற் கலத்தலே உறவுக்கு உரைகல். வலென்சியா நகரின் ஊடே தூரியா என்னும் ஆறு முன்பு ஓடியது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் அவ்வாறு பெருக்கெடுத்து எண்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் நகருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டனர். வறண்ட பழைய படுகையில் பெருஞ்சாலை அமைக்க அரசினர் எண்ணினர். மக்களோ பூங்காவே வேண்டும் என்று போராடி வென்றனர். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அப்பூங்காவில் இன்று மாணாக்கர் நடந்தும் மிதிவண்டியூர்ந்தும் வகுப்புக்குச் செல்கின்றனர். நீரில்லாத ஆற்றின் மேல் பழைய கற்பாலங்கள் இன்றும் நிற்கின்றன.

2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மீண்டும் பெருமழை பொழிந்தது. புதிய கால்வாய் நகரின் நடுப்பகுதியைக் காத்தது; ஆனால் அதற்குத் தெற்கேயிருந்த ஊர்களை வேறு நீரோடைகளின் வெள்ளம் சூறையாடியது. வலென்சியா மாநிலத்தில் 220க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த நாட்களில் நகரினின்றும் ஆயிரக்கணக்கானோர், மண்வெட்டியும் துடைப்பமும் குடிநீரும் ஏந்தி, கால்வாய் மீதுள்ள நடைபாலத்தைக் கடந்து அவ்வூர்களுக்கு நடந்தே சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் இளைஞர். பிற நாட்டு மாணாக்கரும் அவ்வணியில் இருந்தனர். முன்பின் அறியாதவர் வீட்டிலிருந்து அவர்கள் சேற்றை வாரி வெளியேற்றினர். அன்று அவர்களை எந்த நாட்டவர் என்று எவரும் வினவவில்லை. அந்நடைபாலம் பின்னர் ஒருமைப்பாட்டுப் பாலம் எனப் பெயர் பெற்றது.

வலென்சியாப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்து முற்றத்தில் லூயிஸ் விவெஸ் என்னும் அறிஞரின் சிலை நிற்கின்றது. அந்நகரிற் பிறந்த அவர், 1509ஆம் ஆண்டில் கல்விக்காகப் பாரிஸ் சென்றார், எராஸ்மஸின் நண்பரானார், 1540ஆம் ஆண்டில் புரூஜஸ் நகரில் மறைந்தார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. ஆயினும் தமக்கு வாழ்வளித்த புரூஜஸ் நகரை அவர் அயலூராக எண்ணவில்லை. அந்நகரத்து ஏழைகளின் துயர் துடைக்கும் வழிகளை ஆராய்ந்து 1526ஆம் ஆண்டில் ஒரு நூல் இயற்றி, அதனை அந்நகர ஆட்சியாளர்க்கே உரிமையாக்கினார்.

அவர் விட்டுச்சென்ற நகருக்கு இன்று பல நாட்டு இளைஞர் கல்வி தேடி வருகின்றனர். அவருடைய சிலையைக் கடந்து செல்லும் அவர்கள் பெறத்தக்க பேறு அவர் வாழ்விலேயே விளங்குகின்றது. தங்கிய ஊரின் நலனைத் தம் நலனாகக் கருதுவோர்க்கே அவ்வூர் தன்னைக் கற்பிக்கும். அங்ஙனம் கற்றவர் எந்நாட்டுக்குச் சென்றாலும் அந்நாட்டு மக்களுள் ஒருவராகவே வாழ்வர்.