கொரோனாவுக்கு விழுங்கிய அசித்ரோமைசின்... டைபாய்டுக்கு இனி கேட்குமா?

2020, 2021-ல் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மெடிக்கலில் கட்டிக்கொடுத்த மாத்திரைகள் ஞாபகம் இருக்கிறதா? பாராசிட்டமால், வைட்டமின் சி, ஜிங்க், கூடவே அசித்ரோமைசின் 500. எங்கள் வீட்டிலும் அதேதான். டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அசித்ரோமைசின் ஒரு ஆன்டிபயாட்டிக். பாக்டீரியாவுக்கான மருந்து. கொரோனாவோ வைரஸ். மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இந்த மாத்திரையால் பலன் இல்லை என்று பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் இரண்டாம் அலை அடித்தது அதற்கு அப்புறம்தான். அப்போதும் மாத்திரை நிற்கவில்லை!

எவ்வளவு விழுங்கினோம்?

2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் இந்தியாவில் வழக்கத்தைவிட சுமார் 21.6 கோடி டோஸ் ஆன்டிபயாட்டிக் கூடுதலாக விற்றிருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கணக்கிட்டது. அதில் அசித்ரோமைசின் மட்டும் 3.8 கோடி டோஸ்.

மற்ற நாடுகளும் சளைத்தவை இல்லை. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியா தொற்றும் சேர்ந்து இருந்தவர்கள் 8 சதவீதம்தான். ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டதோ சுமார் 75 சதவீதம் பேருக்கு. இது உலக சுகாதார அமைப்பு 2024-ல் வெளியிட்ட தகவல். 2020-லிருந்து 2022-க்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்க கண்டத்திலும் இந்தப் பழக்கம் குறைந்தது. ஆப்பிரிக்காவில் கூடியது.

ஏழை நாட்டு மக்களுக்கு விவரம் போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வர நாலைந்து நாள், டாக்டர் ஃபீஸ் தனி, வேலைக்குப் போகாவிட்டால் கூலி கிடையாது. அந்த இடத்தில் ஒரு அட்டை மாத்திரைதான் மலிவான வழி.

டைபாய்டு எங்கே வந்தது?

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஐதராபாத் என்று ஒரு நகரம் (நம்ம ஐதராபாத் இல்லை). 2016 இறுதியில் அங்கே ஒரு டைபாய்டு கிளம்பியது. ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் ஊசி என வழக்கமான எதுவும் அதற்குக் கேட்கவில்லை. மிஞ்சியது, நரம்பு வழியாக ஏற்றும் விலை அதிகமான மெரோபெனம் வகை மருந்து. வாயால் சாப்பிடுவதில் நம்பியிருக்க முடிந்தது ஒன்றே ஒன்று, அதே அசித்ரோமைசின்.

ஆன்டிபயாட்டிக் போடும்போது பலவீனமான கிருமிகள் சாகின்றன. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. இதைத்தான் மருந்து எதிர்ப்புத்திறன் என்கிறார்கள். அசித்ரோமைசினுக்கும் மசியாத டைபாய்டு கிருமிகள் கொரோனாவுக்கு முன்பே வங்கதேசத்தில் கண்டுபிடிக்கப்பட்டன, பிறகு பாகிஸ்தானிலும். அந்த நேரத்தில்தான் கோடிக்கணக்கில் வாரி விழுங்கியிருக்கிறோம். அந்த ஒரு மாத்திரையும் கைவிட்டால், வீட்டில் இருந்தே குணமாகியிருக்க வேண்டிய குழந்தை மருத்துவமனையில் படுத்து ஊசி போட வேண்டியிருக்கும். செலவும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான்.

வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாக சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக்கை அடையாளம் காட்ட இந்தக் கோட்டை வைத்துத்தான் மத்திய அரசு 2016-ல் பிரசாரமே நடத்தியது.