அமெரிக்க வெள்ளி அரை டாலர்கள், 1807–1836

ஜெர்மனியில் பிறந்த செதுக்குக் கலைஞரான ஜான் ரைக் 1807இல் அமைத்த சுதந்திர தேவியின் உருவம் இந்நாணயங்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றினும், அவளைச் சூழ்ந்த 13 நட்சத்திரங்களையும், ஆண்டின் இலக்கங்களையும், பின்புறத்து எழுத்துகளையும் பிலடெல்பியா நாணயசாலையினர் ஒவ்வோர் அச்சிலும் சிறு எஃகு முத்திரைகளைக் கையால் அடித்தே பதித்தனராதலின், எந்த இரண்டு அச்சுகளும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை. விலகி நிற்கும் நட்சத்திரமும், சாய்ந்த இலக்கமும் இன்ன அச்சென்று காட்டும் பிரத்தியட்ச சாட்சிகள். அச்சு வெடித்தபோது அவ்வெடிப்பும் நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாக விழுந்தது. அக்கோடு நீளும் கிரமத்தைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று நிர்ணயிப்பதே இந்நாணயங்களைச் சேகரிப்பதன் தலையாய ஆனந்தம் என்போம். இவ்வச்சு வேறுபாடுகளைப் பட்டியலிட்டு ஆல் ஓவர்டன் 1967இல் வெளியிட்ட நூலின் எண்களாலேயே இந்நாணய வகைகள் இன்றும் குறிக்கப்படுகின்றன.